15 அடி எட்டும் என்றார்கள்: பேட்டரி ‘போல் சா’ (pole saw) மிஷினோடு எட்டு மாதம்

போல் சா, அதாவது நீளக் கம்பின் நுனியில் சின்னச் செயின் சா பூட்டிய மிஷின், வாங்கலாமா என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு மரங்களில் மணிக்கட்டு கனத்திலிருந்து கெண்டைக்கால் கனம் வரையுள்ள கொப்புகள், தரையிலிருந்து 11 அடிக்குள், நிறைய இருந்தால் வாங்கலாம். அதற்கு மேலே உள்ளதற்கு மரம் ஏறுகிற ஆளைத்தான் கூப்பிட வேண்டும், விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. கம்பெனி பெயரைப் போடவில்லை. ஒன்று, திட்டவும் போகிறேன். இரண்டு, இந்த விலையில் வருகிற முக்கால்வாசி மிஷின்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன, ஸ்டிக்கர்தான் வேறு.

வீடு நாகர்கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி. சுற்றி 20 சென்ட் விளை, இரண்டு மாமரம், ஒரு வேம்பு, கிணற்றடியில் முருங்கை, பின்னால் ஆறு மூடு தென்னை. மாமரத்தில் ஒன்று அப்பா நட்டது, அதன் வடக்குப் பக்கக் கொப்புகள் அடுக்களை ஓட்டின் மேலேயே படுத்துக் கிடக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு, கொப்பு ஓட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பர் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது, கரண்டு கம்பங்கள் வரிசையாகப் படுத்தன, எங்கள் அடுக்களையில் ஓடு பாதி போய்விட்டது. அதிலிருந்து வருஷா வருஷம் காய்ப்பு முடிந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால், கவாத்து செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம். முடிவெடுக்க யாரால்தான் முடியாது, ஆள் கிடைக்க வேண்டுமே. தேங்காய் வெட்ட வருகிறவர் கொப்பு வெட்ட யோசிப்பார். வெட்டுகிறவர்கள் இரண்டு ஆளாக வருவார்கள், போன வருஷம் 3,000 ரூபாய் கேட்டு, சரி என்ற பிறகும் "அடுத்த வாரம்" என்று மூன்று வாரம் இழுத்தார்கள். அந்த மூன்றாவது வாரக் கோபத்தில் வாங்கியதுதான் இது. பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய்.

ஒயர் மாடல் இதைவிட இரண்டாயிரம் குறைவு, சக்தியும் அதிகம், 750 வாட் வரைக்கும் வருகிறது. பிறகு ஏன் பேட்டரி என்றால், புயலில் கொப்பு முறிந்து வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும்போதுதான் ரம்பம் வேண்டும், அப்போதுதான் கரண்டு இருக்காது. அது மட்டுமில்லை, 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரை ஈர மண்ணில் இழுத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி, கையில் ஓடுகிற சங்கிலியோடு நடப்பதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பிளக் பாயின்ட் பக்கத்திலேயே மரம் இருக்கிறவர்கள் ஒயர் மாடல் வாங்கினால் பணம் மிச்சம்.

பேட்டரி வாங்குகிறவர்கள் வோல்ட் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். என் மச்சினன் ஆன்லைனில் 48 வோல்ட் என்று எழுதியிருந்த கைச் செயின் சா ஒன்றை வாங்கினான், மூன்று மாதத்தில் பேட்டரி செத்துப்போய் நாங்கள் பிரித்துப் பார்த்தோம். உள்ளே வரிசையாக ஐந்து செல். லித்தியம் செல் ஒன்று முழுசாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. ஓடும்போது சராசரி 18 பக்கம்தான் நிற்கும். 48 எங்கிருந்து வந்தது என்று ஸ்டிக்கர் அடித்தவரைத்தான் கேட்க வேண்டும். என் மிஷினில் 20 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறது, அதுவும் அதே ஐந்து செல் கணக்கு, ஆனால் குறைந்தபட்சம் பொய் இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை சங்கிலியைத் திசை மாற்றி மாட்டியது. நான் மட்டுமில்லை, புதிதாக வாங்குகிற பாதிப்பேர் இதைச் செய்வார்கள் என்று நினைக்கிறேன். சங்கிலி ஓடுகிற இரும்புப் பட்டைதான் பார். அதன் மேல் விளிம்பில் இருக்கிற பற்களின் கூர் முனை, உங்களைப் பார்க்காமல் பாரின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். என்னுடையது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேப்பங்கொப்பில் வைத்து அழுத்தினால் புகை வருகிறது, கருகல் வாசம் வருகிறது, கொப்பில் ஒரு கோடு விழுந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. அம்மா திண்ணையிலிருந்து "மக்களே, இத திருப்பிக் குடுத்துட்டு அரிவாள எடு" என்றாள். திருப்பி மாட்டிய பிறகு அதே கொப்பு பத்து வினாடியில் கீழே விழுந்தது. அப்புறம், புதுச் சங்கிலி முதல் பத்து நிமிஷத்திலேயே தளரும், நிறுத்தி ஆறவிட்டு இறுக்க வேண்டும். சூட்டோடு சூடாக இறுக்கிவிட்டால் ஆறும்போது சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

இனி அந்த 15 அடி. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது, 15 அடி உயரம் எட்டும் என்று. மூன்று துண்டுக் கம்பையும் முழுசாகப் பூட்டி, நுனியிலிருந்து பேட்டரி வரை டேப் வைத்து அளந்தேன்: 9 அடி. மிச்சம் 6 அடி என்ன தெரியுமா, நாம்தான். வாங்குகிறவரின் உயரத்தையும் சேர்த்து விற்கிறார்கள். ஆறடி ஆள் கம்பைத் தலைக்கு மேல் செங்குத்தாகப் பிடித்தால் 15 அடி வரும். அப்படிப் பிடித்தால் வெட்டிய கொப்பு நேராக அவர் தலையில் வரும், மோட்சத்துக்கும் வழி அதுதான். அதே பெட்டியில் உள்ள கையேடே கம்பை 60 டிகிரிக்கு மேல் நிமிர்த்தக் கூடாது என்கிறது. 60 டிகிரியில் 9 அடிக் கம்பு எட்டு அடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும், இடுப்புயரத்தில் இருக்கிற கை ஒரு மூன்று அடி, ஆக 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இதுதான் உண்மையான எட்டு. எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் கம்பின் நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எடை நாலு கிலோ என்று போட்டிருக்கிறது, அதில் பொய்யில்லை. ஆனால் அந்த நாலு கிலோவில் மோட்டார், பார், எண்ணெய் டேங்க் எல்லாம் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. உரிக்காத தேங்காய் ஒன்றை தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் அண்ணாந்து நின்று பாருங்கள், அதுதான். கடையில் பார்த்தால் நடுக்கம்பைக் கழற்றிவிட்டுக் கையில் தருவார்கள். முழு நீளத்தையும் பூட்டச் சொல்லிப் பிடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எனக்கு வயது நாற்பத்தைந்து, முதல் நாள் இருபது நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை, மறுநாள் தோளில் தைலம். பழகப் பழக ஒரு சூட்சுமம் பிடிபடுகிறது. வெட்டும்போது மிஷினை நாம் தாங்கக் கூடாது, கொப்புதான் தாங்க வேண்டும். பாரின் கீழ் விளிம்பில் சங்கிலி நம்மைப் பார்த்து ஓடி வருவதால், கொப்பில் வைத்ததும் மிஷினை அதுவே முன்னால் இழுத்துக்கொண்டு போய், பாரின் அடியில் உள்ள மிஷின் உடம்பு கொப்பில் முட்டி நிற்கும். அப்படி முட்டவிட்டு, சும்மா எடையை மட்டும் இறக்கினால் போதும். நுனியால் கொத்தினால் எகிறும், மேல் விளிம்பால் கீழிருந்து வெட்டினால் மிஷின் நம் பக்கம் தள்ளும்.

மாமரம் இதற்கென்றே பிறந்த மரம். நாலு அங்குலக் கொப்பு கால் நிமிஷம். ஓட்டின் மேல் கிடந்த ஏழெட்டுக் கொப்புகளை ஒரு காலையில் முடித்தேன். முடித்தேன் என்று ஒரு வரியில் சொல்கிறேனே, நடுவில் ஒரு முசுற்றுக் கூடு இருந்ததை நான் பார்க்கவில்லை. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் அந்தச் சிவப்பு எறும்பு. கொப்பு அதிர்ந்ததும் கம்பு வழியாக இறங்கி வந்துவிட்டது. இரண்டு கையும் மிஷினில், ஓடுகிற சங்கிலி மேலே, கழுத்தில் முசுறு. பட்டனை விட்டதும் சங்கிலி நின்றுவிட்டது, அந்த ஒரு விஷயத்துக்காகவே மிஷினுக்கு ஒரு மார்க் கூட்டிப் போடலாம். அன்றிலிருந்து கண்ணாடி, முழுக்கை சட்டை, தலையில் பைக் ஹெல்மெட். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மரத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும், மாம்பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும்.

அந்த மரத்திலேயே பட்டுப்போன ஒரு கொப்பை வெட்டியபோது உள்ளே விரல் நுழைகிற ஓட்டை, ஓட்டைக்குள் வெள்ளையாகத் தடித்த புழு, தண்டு துளைக்கிற வண்டின் புழு. இதைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ படித்தது நினைவு வந்தது. இந்த மாதிரி ஒரு புழுவைப் பார்த்துத்தான் இன்றைய செயின் சாவின் சங்கிலியே வந்தது. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் பக்கம் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு மரக்கட்டையில் வண்டுப்புழு ஒன்று தாடையை இடமும் வலமுமாக ஆட்டி மரத்தைச் செதுக்கிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாற்றி மாற்றி வைத்துச் சங்கிலி செய்து, 1947இல் கம்பெனியும் தொடங்கிவிட்டார். என் மாமரத்தைத் தின்றவனும் அதை வெட்டுகிற மிஷினும் ஒரு வகையில் ஒரே குடும்பம். புழுவைக் கோழி தின்றுவிட்டது.

முருங்கையில் அவமானப்பட்டேன். மரமா அது, தண்ணீர். கொப்பின் மேலே வைத்ததும் பாதிகூட அறுக்கவில்லை, கொப்பு தன் பாரத்தில் முறிந்து, முறிந்த இடத்திலிருந்து பட்டையை இரண்டு அடி நீளத்துக்குத் தாய்மரத்தோடு உரித்துக்கொண்டு விழுந்தது. அது மிஷின் தப்பு இல்லை, என் அவசரம். செய்ய வேண்டியது இப்படி: தாய்மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கொப்பின் அடியில் முதலில் ஒரு சின்ன வெட்டு. அதற்கு ஒரு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து முழு வெட்டு. கொப்பு விழுந்த பிறகு மிச்சக் குச்சியை மட்டும் அடியில் அறுப்பது. அதையும் மரத்தோடு ஒட்ட வழித்துவிடக் கூடாது, கொப்பு தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், அதை விட்டுவிட்டு வெளியே வெட்ட வேண்டும். அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் அமெரிக்கர், அந்நாட்டு வனத்துறையில் வேலை பார்த்தவர், ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால் நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்துச் சொன்னது இது. அந்த வீக்கம்தான் காயத்தை அடைத்து அழுகலை உள்ளே விடாமல் தடுக்கிறதாம், வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசுவதால் பெரிய பிரயோஜனம் இல்லையாம். நம்மூரில் சாணி பூசுவார்கள், அம்மா இன்னும் பூசுகிறாள், அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் ஒன்று, அந்த அடிவெட்டைப் போடுவது இந்த மிஷினில் கஷ்டம். 11 அடி உயரத்தில் அத்தனை எடையைக் கீழிருந்து மேலே தூக்கி அழுத்த வேண்டும். தாழ்ந்த கொப்புக்கு நடுக்கம்பைக் கழற்றிவிட்டுச் செய்யலாம், உயரக் கொப்புக்கு எனக்கு வரவில்லை. அதனால் இப்போது உயரக் கொப்புகளை நுனியிலிருந்து இரண்டு இரண்டு அடியாகக் கறி நறுக்குகிற மாதிரி நறுக்கிக்கொண்டு வருகிறேன், நேரம் ஆகும், பட்டை கிழியாது.

தென்னை ஓலைக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். மட்டையின் நார் சங்கிலிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு, மூடியைக் கழற்றிச் சிணுக்கெடுக்கவே பதினைந்து நிமிஷம். ஓலைக்கு அரிவாள்தான்.

இன்னொரு நாள் பார் மாட்டிக்கொண்டது. கொப்பின் அடி மரத்தில், நுனி ஓட்டின் மேல். இரண்டு பக்கமும் தாங்கல் இருக்கிற கொப்பை நடுவில் மேலிருந்து அறுத்தால் வெட்டு விரியாது, மூடும் என்பது அறுத்துக்கொண்டிருக்கும்போது தோன்றவில்லை. மிஷின் 10 அடி உயரத்தில் கொப்பைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது, கீழே நான் கம்பைப் பிடித்துக்கொண்டு திருவிழாவில் கொடிமரம் தாங்குகிறவன் மாதிரி நிற்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடியிலிருந்து நுனிக்கொப்பில் கயிறு போட்டுத் தூக்க, வெட்டு விரிந்து பார் வெளியே வந்தது. பாருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று ஓடு உடைந்தது, அதை மிஷின் கணக்கில் எழுதமாட்டேன்.

வேம்பின் கிழக்குக் கொப்பை இதுவரை தொடவில்லை, தொடவும் மாட்டேன். அதன் மேலே கரண்டு கம்பி போகிறது. கம்பு அலுமினியம். ஜெர்மனியின் ஸ்டீல் (Stihl) என்ற செயின் சா கம்பெனி தன் போல் சா கையேட்டில் மின்கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது, 15 அடி இல்லை, மீட்டர். நம் தெருக்களில் 15 மீட்டருக்குள் கம்பி இல்லாத மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் அதற்காக "பார்த்து வெட்டிக்கலாம்" என்று இறங்காதீர்கள். பச்சைக் கொப்பு கம்பியில் சாய்ந்தாலே போதும். மின்வாரியத்துக்குச் சொன்னால் லைனை நிறுத்திவிட்டு அவர்களே வெட்டுவார்கள், நாள் ஆகும், ஆகட்டும்.

இப்போது திட்டு. சங்கிலிக்கு எண்ணெய் தானாகப் போகும் என்று விளம்பரம். போகிறது, மிஷின் ஓடாதபோதும் போகிறது. ஷெட்டில் படுக்க வைத்தால் காலையில் தரையில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் கறை. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன், ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்று திருப்பித் தந்தார்கள், அதைச் சொல்ல ஒன்பது நாளா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்போது வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு வைக்கிறேன். வடிக்காமல் வைத்தால் குறைந்தபட்சம் அடியில் ஒரு பழைய சாக்கு. எண்ணெய் விஷயத்தில், வண்டியில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும், போதாததற்கு அது அப்படியே முருங்கைக்கீரைக்கு அடியில் சொட்டும். செயின் ஆயில் என்றே விற்கிறது, அதை வாங்குங்கள்.

பேட்டரி ஒரு சார்ஜில் எத்தனை வெட்டு என்று ஒரு நாள் எண்ணினேன். மாமரம், இரண்டிலிருந்து நாலு அங்குலக் கொப்புகள், 43 வெட்டு. காய்ந்த வேம்பில் 20ஐத் தாண்டவில்லை. பெட்டியில் 100 என்று போட்டிருக்கிறது, என்ன மரத்தை வெட்டினார்களோ, கற்றாழையாக இருக்கும். எனக்கு 43 தாராளம், அதற்கு முன்பே தோள் போய்விடும். சார்ஜ் ஏற இரண்டு மணி நேரம்.

உதிரி வாங்கும்போது "எட்டு அங்குலச் செயின்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைத் தருவார். பழைய சங்கிலியைக் கழற்றி உள்பக்கம் பாரின் பள்ளத்தில் ஓடுகிற பற்களை எண்ணுங்கள், என்னுடையதில் 33. பாரின் மேலேயே பிட்ச் (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அளவு), பள்ளத்தின் அகலம் இரண்டும் பொறித்திருக்கும், என்னுடைய பிட்ச் 3/8 அங்குலம் லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த வகை. மூன்று எண்ணும் பொருந்தினால்தான் ஓடும். கூர் தீட்ட 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது.

பெரிய கொப்பு ஒன்று, 20 அடி உயரத்தில், ஆள் தொடை கனம், அதற்கு கடைசியில் அதே மரம் ஏறுகிறவரைத்தான் கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டியவர். மிஷின் வாங்கிய கதை ஊருக்கே தெரியும் என்பதால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் கொப்பை இறக்கிவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே, திண்ணையில் கிடந்த மிஷினைத் தூக்கிப் பார்த்தார். "கனந்தான், ஆனா மோசமில்ல தம்பி. ஒரு நாளு தருவியளா?" என்றார். கொண்டுபோங்க அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நாளாகவே வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகிறது, பார் கோணிவிட்டது போல, அழுத்தாமல் வெட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கொண்டு வந்து தந்தார். வேப்பங்குச்சி ஒன்றில் வைத்துக் காட்டினார், நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. பார் மாற்றினீர்களா என்று கேட்டேன். சங்கிலியில் வலது பக்கப் பல் ஒன்றைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் அரமே படல. ஒரு பக்கத்துப் பல்ல மட்டும் ராவுனா எப்படி தம்பி நேரா போவும்" என்றார். எட்டு மாதமாக நான் எனக்கு வசதியான பக்கம் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.